தடுத்தவர்

சட்டையின் முதுகுப் பக்கத்தைக் கந்தம்மாள் கத்தரிக்கோலால் காலரிலிருந்து கீழ்வரை வெட்டினாள். இறந்தவரின் விறைத்துப்போன கைகளை மடக்க முடியவில்லை. பிளந்த சட்டையை முன்பக்கமாக மாட்டி, ஓரங்களை முதுகுக்கடியில் செருகினாள்.

“அந்தக் கையக் கொஞ்சம் தூக்கிப் புடிங்க அம்மணி.”

தனப்பிரியா அப்பாவின் இடது கையைப் பிடித்தாள். பதினான்கு மாதங்களுக்குப் பிறகு இப்போதுதான் அவரைத் தொடுகிறாள்.

“இத ஐயா ஒரே ஒரு நாத்தான் போட்டாருங்க. உங்க ஊட்டுப் பால்காய்ச்சுக்குன்னு எடுத்தது. காலைல கெளம்பிப் போனவரு மத்தியானமே திரும்பி வந்துட்டாரு.”

தனப்பிரியா சட்டைக் கையின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

“ஏனுங்கய்யா, சேலம் போகலீங்களான்னு கேட்டேன். மல்லசமுத்திரம் பஸ் ஸ்டாண்டோட ஆண்டவர் தடுத்துட்டாருன்னு சொன்னாரு. எங்களுக்குப் பகீர்னு ஆயிருச்சு. அந்த ஊட்டுக்கு ஏதோ கெட்டது வரப்போவுதுன்னு பயந்துட்டோம். சபையே மூணு நாள் உபவாசம் இருந்தோமுங்க, உங்களுக்காக.” கந்தம்மாள் மேல் பொத்தானைப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். “ஒண்ணும் ஆகலீங்கல்ல? எல்லாம் நல்லபடியா நடந்துச்சுங்களா?”

“நல்லா நடந்துச்சுங்க” என்றாள் தனப்பிரியா.

அன்று காலை சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டின் மொட்டைமாடிக்குப் போய் அவள்தான் போன் செய்தாள். மறுமுனையில் கண்டக்டர் ஊர்ப்பெயர்களைக் கூவுவது கேட்டது. “அப்பா, இவங்க சொந்தக்காரங்க நூறு பேர் வந்திருக்காங்க. நீங்க வந்து எல்லார் முன்னாடியும் ஜெபம் பண்றேன்னு நின்னா எனக்குத்தான் சங்கடம். இன்னொரு நாள் வாங்கப்பா.” பஸ் இரைச்சலுக்கு நடுவே அவர், “சரி சாமி” என்றார்.

கீழே இறங்கி வந்தபோது கணவன் மதன் கேட்டான், “மாமா எங்க வராராம்? பைபாஸுக்குக் கார அனுப்பட்டா?”

“உடம்பு முடியலையாம்” என்று சொல்லிவிட்டாள். அந்த இன்னொரு நாளை அவள் சொல்லவே இல்லை. அவரும் கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்து நாட்களிலேயே தொடங்கியது அந்தச் சங்கடம். பஸ் ஸ்டாண்டில் கையில் துண்டுப் பிரசுரங்களோடு வெயிலில் நிற்கும் அப்பா வீரபாகுவைக் கண்டால், அவள் தோழிகளை இழுத்துக்கொண்டு அடுத்த தெருவழியாகப் போய்விடுவாள். நான்கு விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். தறிகளை அம்மாவின் அண்ணனிடம் விட்டுவிட்டு, சைக்கிளில் இந்த ஏரிக்கரை ஊருக்கு வந்து ஒற்றை அறையில் தங்கிவிட்டார். அம்மா இருந்தவரை மாதத்தில் இரண்டு நாள் வீட்டுக்கு வருவார். நேற்று விடியலில் அந்த அறையில்தான் நெஞ்சு வலித்து இறந்துபோனார்.

மூன்று மணிக்குப் பெட்டியை ஜெபவீட்டின் நடுவில் வைத்தார்கள். தகரக் கூரைக்குக் கீழே அறுபது, எழுபது பேர் இருந்தார்கள். மதன் செருப்பைக் கழற்றிவிட்டு ஆண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தான். சபை மூப்பர் தங்கமுத்து எழுந்து பேசினார்.

“ஐயா இந்த ஊருக்கு வாரதா இல்லீங்க. ராசிபுரத்துக்குத்தான் கெளம்பினாரு. மொதத் தடவ பஸ் நின்னுபோச்சு. ரெண்டாவது தடவ காய்ச்சல். மூணாவது தடவ ஒரு காரணமும் இல்ல, கால் நகரலைன்னு சொல்லுவாரு. அன்னிக்கு ராத்திரி சொப்பனத்துல ஒரு பொம்பள ஏரிக்கரைல நின்னு, கையெல்லாம் ஊதாச் சாயத்தோட, இங்க வாங்கன்னு கூப்புட்டிருக்கா. ஏரி ஏரியாத் தேடிக்கிட்டு வந்தாரு. இங்க நம்ம கந்தம்மா சாயப்பட்டற வேல முடிச்சுக் கை கழுவிக்கிட்டு இருந்துச்சு. ஆதியில ஆண்டவர் அப்போஸ்தலர்கள எப்படி ஒரு பக்கம் தடுத்து மறுபக்கம் அனுப்புனாரோ, அப்படி.”

பெண்கள் பக்கத்தில் விசும்பல் எழுந்தது.

“ஆண்டவர் சொல்லாம ஐயா ஒரு அடி வெக்கமாட்டாரு. சொந்த மக ஊட்டு விசேஷத்துக்கே, போகாதன்னாரு ஆண்டவர், போகல. பெத்த பாசத்தவிடக் கீழ்ப்படிதல் பெருசுன்னு காட்டுனாரு.”

“ஆமென்” என்றது கூட்டம்.

மதன் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். தனப்பிரியா பாயின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. கோபம் வந்தால்கூட வாயை மூடிக்கொண்டு வெளியே போய்விடுவாரே தவிர, ஒன்றை மாற்றிச் சொல்லமாட்டார்.

“மகளா நீங்க ரெண்டு வார்த்த பேசுங்க” என்று தங்கமுத்து மைக்கை நீட்டினார்.

எழுந்தாள். அறுபது முகங்கள். உண்மையைச் சொன்னால் அவர் பொய்யராகிவிடுவார், அதுவும் பெட்டிக்குள் கிடக்கும்போது. சொல்லாவிட்டால் அந்தப் பொய்க்குப் பின்னால் அவள் சௌகரியமாக நின்றுகொண்டே இருப்பாள்.

“அப்பாவப் பாத்துக்கிட்ட எல்லாருக்கும் நன்றிங்க” என்றாள். மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

ஏரிமேட்டில் குழி வெட்டியிருந்தார்கள். பெட்டி இறங்கியது. ஆளுக்கு மூன்று பிடி மண் போட்டார்கள். வாலிபர்கள் குழியை மூடி முடித்ததும் கூட்டம் டீக்கு நகர்ந்தது. மேட்டைச் சீராக்கக் கந்தம்மாள் மட்டும் குந்தி உட்கார்ந்து கட்டிகளை உடைத்துக்கொண்டிருந்தாள்.

தனப்பிரியா அவள் பின்னால் போய் நின்றாள்.

“அன்னிக்கு அப்பாவை வரவேண்டாம்னு சொன்னது நானுங்க. போன்ல. அவர் வந்தா எனக்கு அசிங்கம்னு நெனச்சேன்.”

கந்தம்மாளின் கை நின்றது.

“மூணு நாளுங்க” என்றாள் திரும்பாமலேயே. “சக்கர நோயோட தங்கமுத்தண்ணன் தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு.”

“தெரியாதுங்க.”

“அப்ப...” கந்தம்மாள் இப்போது திரும்பிப் பார்த்தாள். அறுபது வயது முகம் ஒரு குழந்தையினுடையதைப் போல மிரண்டிருந்தது. “என்னச் சொப்பனத்துல கண்டேன்னு சொன்னாரே, அதும்...”

“இல்லீங்க. அது நெசம்” என்றாள் தனப்பிரியா அவசரமாக. “எனக்கு அப்ப ஆறு வயசு. அவர் பக்கத்துலதான் படுத்திருந்தேன். வெடியறதுக்குள்ள எந்திரிச்சு உக்காந்து அழுதாரு. ஏனுங்கப்பான்னு கேட்டேன். யாரோ கூப்புடறாங்க சாமி, கையெல்லாம் ஊதாவா இருக்குதுன்னாரு. அம்மாகிட்டக்கூட அப்பறந்தான் சொன்னாரு. எங்கிட்டத்தான் மொதல்ல சொன்னாரு. உங்க பேரு ஊரு ஒண்ணும் அப்ப அவருக்குத் தெரியாது.”

தூரத்தில் மதன் கையில் இரண்டு டம்ளர்களோடு நின்று, அருகில் வரலாமா என்று தயங்கிக்கொண்டிருந்தான்.

கந்தம்மாள் மறுபடி குனிந்து ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கைகளுக்கிடையில் பொடித்தாள். பிறகு முகத்தைத் திருப்பாமலேயே, உட்கார்ந்தபடி ஓரடி நகர்ந்து இடம் விட்டாள்.

அந்த இடத்தில் தனப்பிரியா மண்டியிட்டாள். மண் இன்னும் சூடாக இருந்தது.