தளர்த்தி வைத்த மூடிகள்

அந்த வீட்டில் எந்த டப்பாவையும் மூடியைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அடியில் கை கொடுத்துத்தான் தூக்க வேண்டும். எல்லாம் வீட்டுக்காரன் செய்கிற வேலை. லிஃப்ட் ரிப்பேர் வேலைக்குக் கிளம்பும் முன் சர்க்கரை, காபித்தூள், எண்ணெய், மாத்திரை என்று எல்லா மூடியையும் திருகித் தளர்த்திவிட்டுத்தான் செருப்பை மாட்டுவான். மனைவிக்கு முடக்குவாதம். விடிந்ததும் விரல்கள் மடங்குவேனா என்று அடம்பிடிக்கும். மதியம் நெருங்கினால்தான் வழிக்கு வரும். சட்டைப் பொத்தான்களையும் அவன்தான் போட்டுவிடுவான்.

"பழைய லிஃப்ட்கூட இவ்வளவு படுத்தாது" என்பான்.

"அது உங்களைக் கட்டிக்கலையே, தப்பிச்சுது" என்பாள்.

இது வெளியே யாருக்கும் தெரியாது. முக்கியமாக அவனுடைய அக்காவுக்கு. ஏனென்றால் அந்த நாத்தனாரின் தையல்கடையில்தான் அவளுக்கு வேலை. கட்டிங் மேசை அவள் பொறுப்பு. கை சரியில்லை என்று தெரிந்தால் மேசை போய்விடும். அந்த மேசை என்றால் அவளுக்கு உயிர். அதனால் காலையில் அளவு, கோடு என்று ஒப்பேற்றிவிட்டு, கத்தரிக்கோலை மதியத்துக்கு மேல்தான் தொடுவாள். அடுத்தவர் பார்க்காதபோது பொத்தான் பாட்டில்களைப் பல்லால் திறப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வீட்டில் சாப்பாடு. பாத்திரம் கழுவுகிறேன் பேர்வழி என்று அடுப்படிக்குள் போன மகராசன், பழக்கதோஷத்தில் அங்கிருந்த மூடிகளையெல்லாம் தளர்த்தித் தொலைத்துவிட்டான்.

மறுநாள் சாயங்காலம் நாத்தனார் நேரே வந்து நின்றாள்.

"டேய், எண்ணெய் ஜாடியைத் தூக்கினேன். மூடி என் கையில, ஜாடி தரையில. துடைக்கலாம்னு சோப்புத்தூளை எடுத்தா அதுவும் கொட்டிப்போச்சு. என்னடா விளையாட்டு இது?"

"எலியா இருக்கும்க்கா."

"எலி மூடியைத் திருகுமா? உனக்குப் பொய் சொல்லவும் துப்பில்லையே!"

அவன் திருதிருவென்று விழித்தான். மனைவிக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. நாத்தனார் விடுவிடுவென்று அடுப்படிக்குப் போய்க் காபித்தூள் டப்பாவைத் தூக்கினாள். மூடி மட்டும் கையோடு வந்தது.

"இங்கேயுமா?"

இனி மறைத்துப் பயனில்லை. "அண்ணி, அது எனக்காகத்தான்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

நாத்தனார் மூடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டு முடித்தாள். பிறகு, "காலையில நீ கத்தரிக்கோலைத் தொடாம பம்முறப்போ, சோம்பேறின்னு மனசுக்குள்ள திட்டிக்கிட்டே இருந்தேன்டி. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்றாள். காபிகூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

"என் கையை வெட்டிப் போடணும்" என்றான் அவன்.

"அப்புறம் மூடியை யார் திறக்கிறது? சும்மா இருங்க." சொல்லிவிட்டாளே தவிர, மேசை போய்விட்டது என்றே நினைத்தாள். அழுகையை அடக்கிக்கொண்டுதான் படுத்தாள்.

காலையில் கடைக்குப் போனால், கட்டிங் மேசையில் நாத்தனார் நிற்கிறாள். கையில் கத்தரிக்கோல்.

"கோட் தைக்கிற துணி, கெட்டித்துணி எல்லாம் இனிமே நான் வெட்டறேன். கோடு நீ போடு. மதியம் கை வழிக்கு வந்தப்புறம் லேசான துணி மட்டும் வெட்டு."

பாதி மேசை போயிற்று. நியாயம்தான் என்று தெரிந்தாலும் வலித்தது. பொத்தான் எடுத்து வைக்கலாம் என்று அலமாரிக்குப் போனாள்.

முதல் பாட்டிலைத் தொட்டதும் மூடி ஆடியது. அடுத்ததும் அப்படியே. அந்த வரிசையில் ஒரு மூடிகூட இறுக்கமாக இல்லை. அவள் கண் கலங்கத் திரும்பிப் பார்த்தாள்.

நாத்தனார் துணியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "என்ன வேடிக்கை? அடியில பிடிச்சுத் தூக்கு. கொட்டினா நீதான் பொறுக்கணும்."