பிரான்டுர் நங்கூரம் போட்ட வீடு

முப்பது வருஷம் மீன்பிடிக் கப்பலில் இருந்துவிட்டு, அறுபதாவது வயதில் எங்கள் பக்கம் வந்து நிலம் வாங்கினார் பிரான்டுர். நிலம் என்றால் புல் முளைக்கிற நிலம் இல்லை. மலையிலிருந்து இறங்கும் பனியாறு உருகிப் பின்வாங்கிப் போகும்போது விட்டுப்போன கல்லும் சரளையும்தான். அதன் நடுவில் வட்டமாக ஒரு மேடு, மேட்டின் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு கரும்பாறை. அங்கே நின்றால் பனியாறு முழுசாகத் தெரியும். வீடு கட்டினால் அங்கேதான் என்று பிடிவாதமாக இருந்தார்.

ஆல்டிஸ் வேண்டாம் என்றாள். அவள் எனக்கு அடுத்த பண்ணை, ஆடு வளர்ப்பவள். ஒவ்வொரு செப்டம்பரிலும் ஆடுகளை மலையிலிருந்து இறக்கிய கையோடு அளவு டேப்பைத் தூக்கிக்கொண்டு பனியாற்றின் முனைக்குப் போவாள். போன வருஷத்தைவிட எத்தனை மீட்டர் உள்ளே போயிருக்கிறது என்று அளந்து தலைநகருக்கு எழுதி அனுப்புவாள். அவளுடைய அப்பா செய்த வேலை அது. அவர் போன பிறகு இவள் செய்கிறாள்.

"பிரான்டுர், அந்த மேட்டுக்குள்ள பனி கிடக்கு" என்றாள். "இருபது வருஷத்துக்கு முன்னாடி பனியாறு பின்னால போனப்ப, ஒரு துண்டு மட்டும் உடைஞ்சு இங்கயே தங்கிருச்சு. ஆறு கொண்டாந்த மணலும் கல்லும் அதை மூடிருச்சு. நான் கண்ணால பாத்தது."

பிரான்டுர் மண்வெட்டியால் இரண்டடி தோண்டிக் காட்டினார். "பாரு, மணல். இன்னும் பாரு, கல். எங்கேம்மா பனி?"

"ரெண்டடியில தோல்தான் தெரியும். வயித்துக்குள்ள இருக்கிறது தெரியாது."

"பனிக்கு அளவெடுக்கிற தையல்காரி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டு, அடுத்த வாரமே மரச்சட்டங்களை இறக்கினார்.

தரையில் கிடத்திய கனத்த உத்திரங்களின் மேல் நின்ற, இரண்டு அறை மரவீடு. அழகாகத்தான் இருந்தது. முதல்நாள் காபிக்கு எங்களைக் கூப்பிட்டார். ஆற்றுத் தண்ணீரிலேயே போட்டிருந்தார். பனி அரைத்துத் தள்ளிய பாறைமாவு கலந்து, எங்கள் ஆறு எப்போதும் சாம்பல் நிறத்தில்தான் ஓடும். ஆல்டிஸ் ஒரு வாய் குடித்துவிட்டு, "காபி நல்லா இருக்கு, கடிச்சுச் சாப்பிடலாம்" என்றாள். மறுநாள் தன் கிணற்றிலிருந்து இரண்டு கேன் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அதை என்னிடம் சொல்லவில்லை. நானாகப் பார்த்தேன்.

அடுத்த வசந்தத்தில் வீட்டுக் கதவு தானாகத் திறக்க ஆரம்பித்தது. புது மரம் காய்கிறது என்றார் பிரான்டுர். மேஜைமேல் வைத்த கோப்பை மெல்ல நகர்ந்து ஜன்னல் பக்கம் போனது. மேஜைக்கால் இரண்டை அறுத்துக் குட்டையாக்கினார். ஆல்டிஸ் குனிந்து அந்தக் கால்களை ஆராய்ந்தாள்.

"கேப்டன், கப்பல் சாயுது போலிருக்கே."

"ஆடுற தரையில முப்பது வருஷம் தூங்கினவன் நான். நேரா இருந்தாத்தான் எனக்குத் தூக்கம் வராது."

"அப்ப சரி. இனிமே நல்லாத் தூங்குவே."

அந்த ஜூலையில் ஒரு வாரம் விடாமல் வெதுவெதுப்பான மழை. ஏழாம் நாள் காலையில் ஆல்டிஸ் என் வாசலில் வந்து நின்றாள். ஸ்வெட்டரைத் திருப்பிப் போட்டிருந்தாள்.

"உன்னூர்!" என்று என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "டிராக்டரை எடு. அவன் வீட்டுப் புகைக்குழாய் கோணலா நிக்குது. நான் என்னோடதை எடுத்துட்டு வரேன்."

போய்ப் பார்த்தால், படிக்கட்டு இருந்த இடத்தில் பள்ளம். தரைக்கு அடியில் எங்கேயோ தண்ணீர் களகளவென்று ஓடும் சத்தம். சரளை சரிந்த இடத்தில் அழுக்குப்பிடித்த பனி நீலமாகத் தெரிந்தது. பிரான்டுர் கப்பல் கயிறுகளால் வீட்டைச் சுற்றிக் கட்டி, மறுமுனைகளைக் கரும்பாறையில் முடிந்து வைத்திருந்தார். மழையில் நனைந்தபடி, முடிச்சுகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆல்டிஸ் சிரிக்கவில்லை.

"பிரான்டுர்," என்றாள் மெதுவாக, "அந்தப் பாறையை இங்க கொண்டாந்து வெச்சது யாரு?"

"பனி."

"அது எதுமேல உக்காந்திருக்கு?"

பிரான்டுர் பாறையைப் பார்த்தார். பாறையும் வீட்டுப் பக்கமாகவே சாய்ந்திருந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. பாறைப் பக்கத்துக் கயிறுகளை அறுத்து டிராக்டர்களில் மாட்டினார்.

மத்தியானம்வரை இழுத்தோம். அடுப்பு பள்ளத்தில் விழுந்தது. ஒரு ஜன்னல் உடைந்தது. மற்றபடி வீடு முழுசாக வந்தது. கீழே இறக்கியதும் பிரான்டுர் என்றைக்கும் இல்லாத பணிவோடு, "எங்க வைக்கட்டும், ஆல்டிஸ்?" என்று கேட்டார்.

ஆல்டிஸ் தன் பண்ணை ஓரத்தில் அணைபோல் நீண்டு கிடந்த பெரிய கரையைக் காட்டினாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா காலத்தில் பனியாறு முன்னேறி வந்து, புல்டோசர்போல் கல்லையும் மண்ணையும் தள்ளிக் குவித்துவிட்டுப் போன கரை அது. உள்ளே பனி மிச்சமில்லை. பாசி படர்ந்து இறுகிப்போனது.

"அது உன் நிலமாச்சே" என்றார் பிரான்டுர்.

"அங்கதான் தரை கெட்டி. வேற காரணம் ஒண்ணுமில்ல" என்றாள் ஆல்டிஸ். பிறகு என் பக்கம் திரும்பி, "வேற காரணம் ஒண்ணுமில்ல, உன்னூர்" என்று இன்னொரு முறை சொன்னாள்.

நான் எதுவும் கேட்கவே இல்லையே.

ஆகஸ்டுக்குள் அந்த மேடு இருந்த இடத்தில் ஒரு குளம் உண்டாகிவிட்டது. கரும்பாறை பாதி தண்ணீரில் கிடக்கிறது. பிரான்டுர் இப்போது அதில் மீன் விடலாமா என்று ஆல்டிஸோடு தினமும் சண்டை போடுகிறார். சாப்பாட்டு நேரத்தில், அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான்.