முதல் தளம் வரைக்கும்

1948 கோடையில் எங்கள் ஸ்டுடியோ ஒரு பேஸ்பால் படம் எடுத்தது. பாட்டும் ஆட்டமுமாக, சிரிக்கச் சிரிக்க ஒரு படம். நான் ஒத்திகைக்கும் படப்பிடிப்புக்கும் பியானோ வாசிக்கிறவள். நாற்பது நடனக்காரர்கள் கோடு போட்ட சட்டையில், மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, என் தாளத்துக்குக் குதித்தார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மட்டையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாது.

அதற்காகத்தான் ஆர்வில் ஹேக்கை அழைத்து வந்தார்கள். அவர் அரங்கம் போடும் தச்சர்களில் ஒருவர். வாலிபத்தில் கன்சாஸ் பக்கம் ஏதோ ஒரு சிறிய அணிக்குப் பந்து வீசியவர் என்று யாருக்கோ தெரிந்திருந்தது. அதிகம் பேசாத மனிதர். ஆனால் மைதானத்தில் இறங்கிய ஒரே வாரத்தில் ஆள் மாறிப்போனார்.

"என்னப்பா, துடைப்பத்தையா பிடிச்சிருக்க? வீட்டுக்குப் போய்ப் பெருக்கு. இங்க மட்டையைப் பிடி."

"நீங்க ஒரு தடவ இடுப்ப ஆட்டிக் காட்டுங்க, அப்புறம் நான் பிடிக்கிறேன்" என்பான் நடனக்காரன்.

ஆர்வில் நிஜமாகவே இடுப்பை ஆட்டிக் காட்டுவார். எல்லோரும் கைதட்டுவார்கள்.

படத்தின் கோமாளி ரூபன் காஸ்கி. ஐம்பத்து மூன்று வயது. எட்டு வயதிலிருந்து மேடையில் விழுந்து விழுந்தே பிழைத்தவர். அவருக்கு ஒரு பெரிய பாட்டு இருந்தது. பந்து தலையில் பட்டு அவர் சுருண்டு விழுவார். பிறகு கண்ணுக்குள் குருவி பறக்க, தள்ளாடித் தள்ளாடி நடுவரைக் கட்டிக்கொண்டு ஆடுவார். கடைசியில் தூக்குப் படுக்கையில் போட்டு அவரைத் தூக்கிப் போவார்கள்.

அந்தப் பாட்டை எடுக்கிற நாள் காலையில் டைரக்டர் ஸ்ட்ராட் சொன்னார்: "கையை விட்டுப் பந்து கிளம்புறதும் தொப்பியில படுறதும் ஒரே ஷாட்ல வரணும். வெட்டி ஒட்டினா ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க. ஆர்வில், நீங்களே சட்டைய மாட்டிக்கிட்டு வீசுங்க. முதுகுதான் தெரியும்."

"என்னால முடியாது சார்."

"அது ரப்பர் பஞ்சுய்யா! பச்சக் குழந்த மேல எறிஞ்சாலும் சிரிக்கும்."

"வேற யாரையாவது பாருங்க."

"அறுபதடி தூரத்துலேர்ந்து தொப்பியக் குறிபார்க்க வேற யாரு இருக்கா? என்ன, கை துருப்பிடிச்சுப் போச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆர்வில் பந்தை என் பியானோவின் மேல் வைத்துவிட்டு நடந்து போனார். கித்தானில் கூட்டத்தை வரைந்து நிறுத்தியிருந்த பெரிய தட்டிக்குப் பின்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். ரூபன் அவர் பின்னால் போனார். மனசு கேட்காமல் நானும் போனேன்.

"அந்த ஆளு பேச்ச விடுங்க. வாய்தான் பெருசு" என்றார் ரூபன்.

"அவர் பேச்சு இல்ல." ஆர்வில் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கன்சாஸ்ல, டொபீகாவுல, முப்பத்தொண்ணாம் வருஷம். லீலண்ட் போக்னு ஒருத்தன் மட்டையோட வந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகல. தரையில பதிச்சிருக்கிற தட்டுக்கு ரொம்பக் கிட்ட நின்னான். அவன மிரட்டிப் பின்னால தள்ளணும்னு அவன் உடம்புக்குக் கிட்டவே வீசினேன். காதுக்கு மேல பட்டுது."

ஆர்வில் அந்தக் கையை மடித்து மூடினார்.

"எழுந்துட்டான். பந்து மேல பட்டா ஓடாமலே முதல் தளம் சும்மா கிடைக்குமில்லையா, அதுக்காக நடந்தான். என்னைப் பார்த்து ஒண்ணுமில்லங்கற மாதிரி கையக்கூட ஆட்டினான். எட்டு அடி நடந்திருப்பான். அப்படியே விழுந்தான். ரெண்டாம் நாள் போயிட்டான். வேணும்னு செய்யலன்னு எல்லாரும் சொன்னாங்க. மிரட்டணும்னு வீசினது வேணும்னுதானே?"

ரூபன் அவரைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சிகரெட் முழுவதையும் புகைத்தார். பிறகு என்னிடம், "நெட்டி, கடைசிச் சரணத்த இன்னொரு பதினாறு தாளம் இழுக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியும். எதுக்கு?"

"தூக்குப் படுக்கை வேண்டாம். நான் முதல் தளத்துக்குப் போறேன்." அவர் ஆர்வில் பக்கம் திரும்பினார். "நீங்க வீசணும்னு நான் கேக்க மாட்டேன். வேற எவன் வீசினாலும் நான் விழுவேன். ஆனா எழுந்திருக்கிறதுதான் என் தொழிலு. நாப்பத்தஞ்சு வருஷமா ஒரு நாளும் எழுந்திருக்காம இருந்ததில்ல."

அவர் போய் ஸ்ட்ராட்டிடம் பேசினார். என்ன சொன்னாரோ தெரியாது. ஸ்ட்ராட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றது மட்டும் எனக்குத் தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்து ஆர்வில் வந்தார். எதிரணிச் சட்டை போட்டிருந்தார். பியானோவின் மேலிருந்த பந்தை எடுத்து விரல்களுக்குள் இரண்டு முறை உருட்டிப் பார்த்தார். பந்து வீசும் மேட்டில் ஏறி நின்றார். அவர் காலைத் தூக்கி உடம்பை வளைத்து வீசியதை என்னால் மறக்க முடியாது. அத்தனை அழகு.

பந்து தொப்பி முனையில் பட்டது. ரூபன் கட்டையாக விழுந்தார்.

நான் வாசிக்க வேண்டிய இடத்தில் வாசிக்கவில்லை. கை ஓடவில்லை. ஆர்வில் மேட்டிலிருந்து ஓரடி இறங்கியிருந்தார். நாற்பது நடனக்காரர்களும் அசையாமல் நின்றார்கள். ரூபனின் ஒரு பூட்ஸ் நுனி ஆடியது. பிறகு முழங்கால் எழுந்தது. பிறகு ஆளே எழுந்தார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது, விரலும் வந்தது.

அவர் நடுவரைச் சுற்றினார், தடுக்கினார், நேரானார். தள்ளாடிக்கொண்டே கோட்டின் மேல் நடந்தார். எட்டு அடி. பத்து அடி. ஆர்வில் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். முதல் தளத்தை மிதித்ததும் ரூபன் இரண்டு கையையும் விரித்துக் குனிந்து வணங்கினார்.

எதற்கும் கைவசம் இருக்கட்டும், இன்னொரு முறை எடுக்கலாமா என்று காமிராக்காரர் கேட்டார்.

"போதும்" என்றார் ஸ்ட்ராட்.

படம் மறு வருஷம் வெளிவந்தது. அந்தப் பாட்டுக்குக் கொட்டகை கொட்டகையாகச் சிரித்தார்கள். ஆர்வில் படத்தைப் பார்க்கவில்லை. அந்த வாரம் அவர் ரயிலேறி டொபீகாவுக்குப் போனார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக.

லீலண்டின் மனைவி மறுமணம் செய்துகொண்டு அதே ஊரில்தான் இருந்தாள். இவர் பெயரைச் சொன்னதும் வாசலிலேயே வெகுநேரம் நிறுத்திவைத்தாளாம். பிறகு சமையலறையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தாள்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?" என்று நான் கேட்டேன்.

"மன்னிச்சேன்னு சொல்லல. நானும் கேக்கல. அன்னைக்கு அவ மைதானத்துக்கு வரல நெட்டி. மசக்கையா இருந்திருக்கா. அதனால முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்லுன்னா. சொன்னேன். வேணும்னு வீசினதையும் சொன்னேன்."

அவர் உளியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு கப்பல் படத்துக்கு மேல்தளம் போட வேண்டியிருந்தது.