காயவைத்த எடை

அமீனாவின் எடை அறுபத்தெட்டு கிலோ முந்நூறு கிராம் என்று பியூலா சிஸ்டர் வாசித்ததும் கூடத்திலிருந்த பெண்கள் எல்லோரும் கை தட்டினார்கள். ஞானதீபமும் தட்டினாள். அவள் தட்டியதில் மட்டும் சத்தம் வரவில்லை.

"நாலு மாசத்துல நாலு கிலோ" என்றாள் சிஸ்டர். "அடுத்து ஞானக்கா வாங்க."

ஞானதீபம் மெஷினில் ஏறினாள். எழுபது கிலோ நானூறு. போன தடவையும் அதேதான். "கூடலல்ல, அதுவே நல்லதுதான்" என்றாள் சிஸ்டர். அந்த ஆறுதல் ஞானதீபத்துக்கு வயிற்றெரிச்சலை இன்னும் கூட்டியது.

சாத்தூரில் அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் பின்பக்கக் கூடத்தில், மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்த்து முடித்த பெண்களுக்காக மாதம் இரண்டு சனிக்கிழமை கூட்டம் நடக்கும். வைத்தியம் முடிந்த பிறகு பலருக்கும் உடம்பு போட்டுவிட்டது. ஊசி மருந்து, தினசரி மாத்திரை, அசதியில் படுத்தே கிடந்த மாதங்கள், எல்லாம் சேர்ந்து இடுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டன. எடையை விட்டுவிட்டால் பின்னால் தொந்தரவு, அதற்காக அவசரப்படவும் கூடாது, தினமும் நடங்கள், தட்டில் பாதி காய் வையுங்கள் என்று சிஸ்டர் சொல்லிக்கொண்டே இருப்பாள். "இது ஓட்டப்பந்தயம் இல்ல" என்றும் சொல்வாள்.

ஞானதீபத்துக்கு அது ஓட்டப்பந்தயம்தான். கூட ஓடுகிறவள் அமீனா.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து ஊசி மருந்து ஏற்றிக்கொண்டவர்கள். முதல் நாள் அமீனா அழுத அழுகையில் பாட்டில் தொங்கிய கம்பியே ஆடியது. ஞானதீபம்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கிண்டல் பேசிச் சிரிக்கவைத்தாள். ஒரே வாரத்தில் இருவருக்கும் முடி கொட்டியது. மொட்டைத்தலையில் பாத்திரக்கடைக்காரர் மனைவி அமீனாவும் பட்டாசுக் கம்பெனியில் குழாய் உருட்டுகிற ஞானதீபமும் ஒன்றாகத்தான் இருந்தார்கள். முடி வளர்ந்த பிறகுதான் வித்தியாசம் தெரிய ஆரம்பித்தது.

அன்று கலையும்போது சிஸ்டர் இன்னொன்று சொன்னாள். புதன்கிழமைதோறும் ஊசி மருந்து ஏற்ற வரும் புதுப் பெண்களுக்குத் துணையாக உட்கார ஓர் ஆள் வேண்டும். அடுத்த கூட்டத்தில் பெயரைச் சொல்வாளாம்.

"யாரைப் போடுவீக சிஸ்டர்?" என்று கேட்டாள் ஞானதீபம்.

"நம்மள்ல நல்லா செஞ்சிட்டு வர்ற ஒருத்தரத்தான்."

எல்லாத் தலையும் அமீனா பக்கம் திரும்பியது. அமீனா வெட்கப்பட்டுத் துப்பட்டாவை இழுத்துவிட்டாள். வெளியே அவள் கணவர் நிஜாம் ஸ்கூட்டரோடு காத்திருந்தார். காலையில் இருவரும் சேர்ந்துதான் நடக்கிறார்களாம். தண்ணீர் பாட்டிலை அவர் தூக்கிக்கொண்டு வருவாராம்.

ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த ஞானதீபத்துக்கு அந்தப் பாட்டில் கண்ணை விட்டுப் போகவில்லை.

"ஏங்க, காலையில என்கூட கொஞ்சம் நடக்க வாங்களேன்" என்று வீட்டில் கணவன் யோபுவிடம் கேட்டுப் பார்த்தாள்.

லோடு ஏற்றிவிட்டு வந்து முதுகைச் சுவரில் சாய்த்திருந்த யோபு கண்ணைத் திறக்காமலே சொன்னான். "நடந்து எங்கன போகணும்?"

"எங்கனயும் இல்ல. சும்மா நடக்கத்தான்."

"சும்மா நடக்கவா? ஏ புள்ள, நாள் பூரா நடந்துட்டு வந்தவன்ட்ட கேக்கிற கேள்வியா இது?"

அவள் தனியாகத்தான் நடந்தாள். கம்பெனி வேன் வருவதற்கு முன்னால் கோயில் வரைக்கும் போய்த் திரும்புவாள். பதினொரு மணி வடையை விட்டாள். டீயில் சீனியை விட்டாள். நிஜாம் மாதிரி புருஷன் இருந்தால் நானும் நாலு கிலோ குறைக்க மாட்டேனா என்று ஒவ்வோர் அடிக்கும் ஒரு தடவை நினைத்துக்கொண்டு நடந்தாள்.

கூட்டத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது கம்பெனியில் அது நடந்தது. பூவாணத்துக்குக் காகிதக் குழாய் உருட்டுவது அவள் வேலை. காகிதத்தை எடை போட்டுக் கொடுப்பார்கள். உருட்டிய குழாயையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். பசை ஈரத்தோடு போனால் எடை கூடக் காட்டும் என்பதால் போர்மேன் சங்கையா குழாயை விரலால் அமுக்கிப் பார்ப்பார்.

"இது என்னம்மா ஈரம்? கொண்டுபோய் வெயில்ல போடு. காயவச்ச எடைதான் எடை."

ஞானதீபம் கூடையோடு அப்படியே நின்றாள். பதினெட்டு வருஷமாகக் கேட்ட பேச்சுதான். அன்றைக்குத்தான் அது அவள் உடம்பில் போய் ஏறியது. நம்ம உடம்பிலயும் இருக்கிறது பாதி ஈரம்தானே? ஈரத்தோடு மெஷினில் ஏறினால் அது என்ன எடை?

வியாழன் மத்தியானத்திலிருந்து தண்ணீரை நிறுத்தினாள். வாய் ஒட்டும்போது மட்டும் நாக்கை நனைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் காயப்போடுகிற களத்தில், பரப்பிய குழாய்களுக்கு நடுவே, சேலைக்கு மேல் சட்டையும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கூட வேலை பார்க்கும் கிருபா வேப்பமர நிழலிலிருந்து கத்தினாள். "ஏ மதினி, குழாயோட குழாயா நீங்களும் காயிறீகளா? சாயங்காலம் உங்களையும் சேத்து எடை போட்டுக் கட்டிரப் போறாக!"

"நீ போடி. ஒனக்கு என்ன தெரியும்."

தலை சுற்றியது. வேலை நடக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

சனிக்கிழமை மெஷின் அறுபத்தெட்டு நூறு காட்டியது. சிஸ்டர் குனிந்து இன்னொரு தடவை பார்த்தாள். "ரெண்டு வாரத்துல ரெண்டு கிலோவுக்கு மேலயா?"

கை தட்டல் கூடத்தை நிறைத்தது. அன்றைக்கும் அறுபத்தெட்டு முந்நூறிலேயே நின்ற அமீனாவை விட இருநூறு கிராம் கம்மி. ஞானதீபம் கூட்டத்தில் அமீனாவின் முகத்தைத் தேடினாள். அது வாடியிருக்க வேண்டும் என்று இரண்டு நாளாகத் தாகத்தோடு காத்திருந்தாள். அமீனாவோ ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா! எப்படிக்கா செஞ்சீக? எனக்கும் சொல்லுங்க."

வாடாத அந்த முகத்தைப் பார்க்க இன்னும் எரிச்சலாக இருந்தது. "ராத்திரிச் சோத்த விட்டேன். நடந்தேன்" என்றாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். அழகுமீனா என்று பெயர். வைத்தியம் முடிந்து நாலு வாரம்தான் ஆகிறது. முடி இன்னும் முளைக்கவில்லை, நகமெல்லாம் கறுத்துக் கிடந்தது. கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள்.

"வேற என்னென்ன விட்டீகக்கா? மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன். எனக்கும் ஊதிட்டே போகுது. நீங்க சொன்னத அப்படியே செஞ்சிர்றேன்."

ராத்திரிச் சோற்றை அவள் எழுதி முடித்திருந்தாள். அடுத்த வரிக்குப் பேனா காத்து நின்றது.

ஞானதீபம் சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் மேஜை மேலிருந்த தாளில் பெயர் எழுதப் போகிறாள். இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அந்தப் பெயர் இவளுடையதுதான். ஆனால் இந்தப் பிள்ளை விட மாட்டாள் போலிருக்கிறது. இவள் வீட்டுக்குப் போய்ப் பட்டினி கிடப்பாள்.

"எழுதாத தாயி" என்றாள்.

"என்னக்கா?"

"எழுதினத அடிச்சிரு. நான் சோத்தக் கொறைச்சு எறக்கல. ரெண்டு நாளாத் தண்ணி குடிக்கல. வெயில்ல காஞ்சேன், குழாயக் காயவைக்கிற மாதிரி."

சிஸ்டர் எழுந்து வந்து அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள், நாடியைப் பிடித்தாள். பிடித்த பிறகு போட்ட சத்தம் முன்வாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

"உங்க உடம்பு என்ன காகிதமாக்கா? கிட்னி என்னத்துக்கு ஆகும்? விழுந்து கிடந்திருந்தா?"

கட்டிலில் படுக்கவைத்து, ரத்தக்கொதிப்பு பார்த்து, உப்புச் சீனிக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார்கள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அமீனா. அது வேறு. படுத்துக்கொண்டே ஞானதீபம் அந்த அறிவிப்பைக் கேட்டாள். புதன்கிழமைக்கு அமீனா. எல்லோரும் கை தட்டினார்கள். டம்ளர் வைத்திருந்ததால் அமீனா எழுந்திரிக்கவில்லை.

"தண்ணியெல்லாம் ஒழுங்காக் குடிச்சிட்டுப் புதன்கிழமை வாங்க. அன்னைக்குள்ளதுதான் உங்க எடை" என்றாள் சிஸ்டர்.

புதன்கிழமை அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனாள். ஊசி மருந்து ஏற்றும் அறைக் கதவுக் கண்ணாடி வழியே பார்த்தாள். ஸ்டூலில் அமீனா உட்கார்ந்து ஒரு கிழவியின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். அந்த ஸ்டூல் என்னுடையது என்று நெஞ்சு காந்தியது. திரும்பிக்கொண்டாள்.

மெஷின் அறுபத்தொன்பது எண்ணூறு காட்டியது.

"அறுநூறு கிராம் நெசமாவே எறங்கியிருக்கு" என்றாள் சிஸ்டர். "நீங்க வடைய விட்டதும் நடந்ததும் வீண் போகல. இடுப்பு அளவும் ஒரு விரல் கொறைஞ்சிருக்கு."

"அறுநூறுதானா?"

"ரெண்டு வாரத்துக்கு இது போதும்க்கா."

"அமீனாவுக்கு இப்ப எம்புட்டு சிஸ்டர்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

வெளியே வந்தபோது அமீனா வராந்தாவில் பிடித்துக்கொண்டாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் காதோரம் வந்தாள். "யக்கா, யார்ட்டயும் சொல்லிராதீக. இன்னைக்கு ஏறிப் பாத்தேன். முந்நூறு கூடிருச்சு. எங்க அவுக தம்பிக்கு நிக்காஹ். மூணு நாளா பிரியாணி."

ஞானதீபத்துக்கு உள்ளே எங்கேயோ சரவெடி கொளுத்தியது போல இருந்தது. முகத்தை மட்டும் நீளமாக வைத்துக்கொண்டாள். "அடப் பாவமே. போகட்டும், கொறைஞ்சிரும்."

"நீங்க சொன்னா சரிக்கா" என்று அமீனா உள்ளே ஓடினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஞானதீபம் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். கர்த்தரே, அழகுமீனாவுக்கு முடி முளைக்கட்டும். அந்தக் கிழவிக்கு வலி இல்லாமல் இருக்கட்டும். அமீனாவுக்கு நீர் நீண்ட ஆயுசைக் கொடும், நோய் நொடி அண்டாமல் பார்த்துக்கொள்ளும்.

ஆமென் சொல்லப் போனவள் நிறுத்தி, இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டாள். அவள் எடையை மட்டும் கொஞ்சம் மெதுவாகக் குறைத்தருளும், ஆண்டவரே.