சோடா உப்பில் பிடித்த சிவப்பு

சாயப்பட்டறைத் தொழிலாளிகள் போட்ட நாடகத்தில் மேஸ்திரிதான் ராஜா. கூடப் பிறந்தவனைக் குத்திக் கொன்றுவிட்டுச் சிம்மாசனம் ஏறுகிற ராஜா. ஒத்திகையில் ரத்தத்துக்குச் சிவப்பு மையைக் கரைத்து ஊற்றினார்கள். "சர்பத்தா மேஸ்திரி? எனக்கொரு கிளாஸ்" என்று எவனோ கத்த, எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மேஸ்திரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அடுத்த ஆர்டருக்காக வந்து இன்னும் யாரும் தொடாத சிவப்புச் சாயத்தில் ஒரு டப்பாவை நாடகத்தன்று ஸ்டோரிலிருந்து எடுத்துக் கரைத்தான். முழங்கை வரை எண்ணெய் பூசிக்கொண்டு கையை முக்கி, மேடையில் தூக்கிக் காட்டினான். சட்டையெல்லாம் வழிந்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. பிறகு கைதட்டல் ஓயவேயில்லை.

எண்ணெய்க் கை கழுவியதும் வெளுத்துவிட்டது. சட்டைதான் பாக்கி. அதைத் தங்கையிடம் கொண்டுபோனான்.

"கல்யாணச் சட்டைடி. உங்க அண்ணிகிட்ட குடுத்தா என்னையும் சேத்துத் துவைச்சிடுவா."

தங்கையும் அதே பட்டறைதான், துணி மடிக்கிறவள். சாயத்தொட்டிப் பக்கம் போனதில்லை. கறை போகவில்லையே என்று சோடா உப்பை அள்ளிப்போட்டுக் கசக்கினாள். சாயம் துணியில் நிற்க வேண்டும் என்று தொட்டியில் கொட்டுவதும் அதே உப்புதான். கையை வெளியே எடுத்தபோது மணிக்கட்டு வரை சிவந்திருந்தது.

டப்பா குறைவது தெரிந்து முதலாளி குதித்தார். நாளைக் காலையில் கேட்டிலேயே எல்லோர் கையையும் பார்க்க வேண்டும், சிவந்த கை எவனுடையதோ அவன்தான் திருடன் என்று உத்தரவு.

விடிந்ததும் அவள் பிளீச்சிங் பவுடரைப் போட்டுச் செங்கல் துண்டால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூட்டை தூக்கி முதுகொடிந்த புருஷன் பாயில் கிடந்தபடியே பார்த்தான்.

"மெதுவாடி, தோலு வந்துடப்போவுது."

"தோலு வருது. சாயந்தான் வரமாட்டேங்குது."

அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். அவன் வாசலிலேயே மறித்தான்.

"இன்னைக்கு லீவு போட்டுடு."

"வராதவளத்தான் முதல்ல தேடுவாங்க. நாடகத்துக்கு நான்தான் எடுத்தேன்னு சொல்லிடுண்ணே. திட்டிட்டு விட்டுடுவாங்க."

"ஸ்டோர் சாவி என் இடுப்புல இருக்கு. சாவி வெச்சிருக்கவன் எடுத்தா சும்மா விடுவாங்களா? மேஸ்திரி வேலையே போயிடும்."

"திருடின்னு பேர் எடுத்தா இந்தத் தெருவுல ஒரு பட்டறையும் என்னை உள்ள விடாது. அவரு படுத்த படுக்கை. ரெண்டு புள்ளைங்க. நான் எங்கண்ணே போவேன்?"

அவன் தலையைச் சொறிந்தான். "கேட்டுல நான்தான் கை பாக்கறேன். உன் முறை வந்தா பாக்காத மாதிரி தள்ளிவிட்டுடறேன். போதுமா? மூஞ்சத் துடை."

அவள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்?

ஆனால் கேட்டில் அண்ணனுக்குப் பக்கத்தில் மேனேஜரும் நின்றிருந்தார். நாடகத்தன்று வாழ்த்திப் பேசிவிட்டு, திரை தூக்குமுன்னே வீட்டுக்குப் போனவர். வரிசை நகர்ந்தது. அவள் கையை நீட்டினாள். அண்ணன் அவள் தோளைப் பிடித்து உள்ளே தள்ளப் பார்த்தான்.

"நில்லு. கையைத் திருப்பு" என்றார் மேனேஜர். "என்ன இது?"

"சட்டை துவைச்சேன் சார்."

"யார் சட்டை?"

அவள் அண்ணனைப் பார்த்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று பார்த்தாள். அவன் அடுத்தவளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எங்கண்ணன் சட்டை சார். இவருதான். நாடகத்துல ரத்தத்துக்கு இவருதான் சாயத்தை எடுத்தாரு."

மேஸ்திரி இரண்டு கையையும் மேனேஜர் முகத்துக்கு நேரே விரித்தான். வெள்ளையாக இருந்தன. "பாத்துக்குங்க சார். நாடகத்துல ஊத்துனது வெறும் மை."

"அப்படியா?" என்று மேனேஜர் வரிசையைப் பார்த்துக் கேட்டார். "பாத்தவங்க சொல்லுங்க."

அத்தனை பேரும் பார்த்தவர்கள். அந்தக் கை மேடையில் உயர்ந்தபோது எழுந்து நின்று தட்டியவர்கள். யாருக்கு எந்த ஷிஃப்டு, யாருக்கு ஓவர்டைம் என்று முடிவு செய்கிறவன் மேஸ்திரி. சர்பத் கேட்டவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

"யக்கா, நீயாவது சொல்லுக்கா!" என்று பக்கத்து மேஜையில் துணி மடிக்கிறவளின் முந்தானையைப் பிடித்தாள். அந்த அக்கா முந்தானையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

வாட்ச்மேன் வந்து, "வாம்மா, தகராறு பண்ணாத" என்று அவளைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோனான். "அண்ணே! அண்ணே!" என்று அவள் கம்பியைப் பிடித்து உலுக்கினாள்.

மேஸ்திரி திரும்பவில்லை.

"அடுத்த ஆளு" என்றான். குரல் நாடகத்தில் எழும்பிய அளவுக்கு எழும்பவில்லை. வரிசையில் நின்றவர்களுக்கு அதுவே போதுமாக இருந்தது.