காட்டிலாகா வீட்டுக் கத்திகள்

“இது வேணாம்மா. சாதாரணக் கத்தியா ஒண்ணு எடுத்துக் குடு.”

“சாதாரணக் கத்தி இந்த வீட்டுல இல்ல, அண்ணி.”

“இல்லன்னா? வந்தவங்களுக்கு ரெண்டு துண்டு ரொட்டி வெட்ட வேணாமா? இத வெச்சு நான் என்ன, மரமா வெட்டறது?”

“அவர் அதுக்குத்தான் செஞ்சாரு.”

நாத்தனார் கையிலிருந்ததை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு சாண் அலகு, சுண்டுவிரல் கனத்துக்கு முதுகு, பழைய கதவுச் சட்டத்தில் செதுக்கிய பிடி. இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே அதன் அண்ணன் தம்பிகள் எண்ணெய் மினுமினுப்போடு வரிசையாகப் படுத்திருந்தார்கள். படீரென்று மூடினாள்.

“செத்தும் சிரிக்க வெக்கறானே என் தம்பி,” என்றவள் சிரிக்கவில்லை. முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு ரொட்டியை அந்தக் கத்தியாலேயே வெட்டத் தொடங்கினாள். துண்டுகள் செங்கல் செங்கல்லாக விழுந்தன.

அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். காலையில்தான் போனார். மகன் வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். அவன் வந்து முகம் பார்த்ததும் வண்டி. அதுவரை வருகிறவர்களுக்கு நாற்காலி போட வேண்டும், தேநீர் கொடுக்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். மாரடைப்பா? ஆமாம். தூக்கத்திலா? இல்லை. நீ பக்கத்தில் இருந்தாயா? இந்த மூன்றாவது கேள்வி வரும்போதெல்லாம் அவர் மனைவிக்கு அடுப்பில் ஏதோ இருப்பது நினைவு வந்துவிடும். எழுந்து உள்ளே வந்துவிடுவாள்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாழ்நாள் முழுக்கக் கட்டடங்களின் இருட்டுக் குழிக்குள் மேலேயும் கீழேயும் போய்வந்த மனிதர். காடு என்று அவர் கண்டதெல்லாம் ரயில் ஜன்னல் வழியாகத்தான். ஆனால் விடுமுறை நாளானால் மொட்டை மாடிக்குப் போய், தேய்ந்த அரங்களையும் லாரி ஸ்பிரிங் பட்டைகளையும் பழுக்கக் காய்ச்சி, தட்டி, எண்ணெயில் முக்கி, நடுக்காட்டில் தனியாக மாட்டிக்கொண்டவனுக்கு வேண்டிய கத்திகளாகச் செய்வார். விறகு பிளக்க ஒன்று, கூடாரத்துக்கு முளை சீவ ஒன்று, கரடி வந்தால் என்ன செய்வது என்பதற்கு ஒன்று. கரடி வரவில்லை. காடும் கிடைக்கவில்லை. எனவே கத்திகள் சமையலறைக்கு வந்தன. அவர்கள் குடியிருந்த கட்டடத்தில் அவருக்கு ‘காட்டிலாகா’ என்று பெயர் வந்தது. அவள், பாவம், காட்டிலாகா வீட்டம்மா.

“புழங்காத கத்தி வெறும் பொம்மை,” என்பார். அதனால் அந்த வீட்டில் பால் பாக்கெட்டின் மூலையையும், கால்சட்டையின் பிரிந்த நூலையும், சோப்புக் கட்டியையும், தபாலில் வந்த உறையையும் காட்டுக் கத்திதான் வெட்டியது. கேரட்டை வைத்து அழுத்தினால் நறுக்காது. பிளக்கும், ஒரு பாதி ஜன்னலுக்குப் பறக்கும். டாக்டர் அரை மாத்திரை எழுதிக் கொடுத்தபோது அதையும் கத்தியை வைத்துத்தான் பாதியாக்கினார். அன்று பறந்த பாதி இன்னும் குளிர்பெட்டிக்கு அடியில் இருக்கிறது. ஒருமுறை அவள் கறிகாய் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியோடு போய்க் கதவைத் திறக்க, வெளியே நின்ற பால்காரர் இரண்டடி பின்னால் போய், “நாளைக்கு வாங்கிக்கறேம்மா, அவசரமில்ல,” என்றார்.

அதுகூடப் பரவாயில்லை. அந்த இரும்பு பொல்லாத இரும்பு. பக்கத்தில் நின்று அழுதால்கூடத் துருப்பிடிக்கும். வெட்டியதும் கழுவ வேண்டும், கழுவியதும் துடைக்க வேண்டும், துடைத்ததும் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் தடவ வேண்டும். அதற்குப் பிறகுதான் போன் மணி, வாசல் மணி எல்லாம். ஒருநாள் அவள் கத்தி துடைத்துக்கொண்டிருந்ததில் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்துவிட்டது. அவர் வந்து பார்த்துவிட்டு, “பால் போனா வாங்கிக்கலாம்,” என்று அவளைப் பாராட்டினார். கல்யாணமாகி அவர் அவளைப் பாராட்டியதில் அது முக்கியமான ஒன்று.

மகன் ஒரு லீவுக்கு வந்தபோது அம்மாவின் மணிக்கட்டு வீங்கியிருப்பதைப் பார்த்தான். அன்றைக்கே கடைக்குப் போய், கலர் கலராகப் பிடி போட்ட, துருப்பிடிக்காத, காகிதம் போல் கனமில்லாத கத்திகளாக ஒரு பெட்டி வாங்கி வந்தான். மறுநாள் பெட்டியைக் காணோம். அவர் அதைக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்திருந்தார்.

“அம்மா கையவிட உங்களுக்கு அந்த இரும்பு பெருசாப் போச்சு இல்ல?” என்று மகன் கேட்டான். அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமலிருப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதற்குப் பிறகு மகனின் போன் எல்லாம் அவளுக்கு மட்டும்தான் வரும். அவரும் அவளிடம்தான் கேட்பார்: “உன் பையன் என்ன சொல்றான்?”

மகன் ஊருக்குப் போன பிறகு அவர் அவளிடம் ஒரு களிமண் உருண்டையைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டாள். பிடி என்றார். பிடித்தாள். கொஞ்ச நாளில் இழுப்பறையில் புதிதாக ஒரு சின்னக் கத்தி கிடந்தது. மெல்லிய அலகு. பிடியைப் பற்றினால் அவள் விரல்கள் ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் போய் உட்கார்ந்தன. அவருக்கு நன்றி சொல்லிப் பழக்கமில்லாததால், “இதுவும் துருப்பிடிக்குமா?” என்று கேட்டாள்.

“மத்தத விட சீக்கிரமாப் பிடிக்கும்,” என்றார் பெருமையாக.

இதை அவள் மகனிடம் சொல்லவில்லை. சொன்னால் புருஷனுக்குப் பரிந்து பேசுகிற மாதிரி இருக்கும். பரிந்து பேச அவளுக்கு அப்போது மனமில்லை.

இன்று காலை அவள் அந்தச் சின்னக் கத்தியால்தான் ஆப்பிள் நறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து அவர், “இங்க வா,” என்றார். குரல் வழக்கம்போல் இல்லை. அவள் அப்படியே ஓடினாள், கையில் கத்தி, கத்தியில் ஆப்பிள் சாறு. அவர் கட்டிலில் சாய்ந்து மார்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். முகம் வேர்த்திருந்தது. அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையைப் பார்த்தார்.

“முதல்ல அதத் துடைச்சிட்டு வா.”

அவள் துடைக்கப் போனாள்.

போனாளே! அதுதான் அவளுக்கு ஆறவில்லை. கத்தியைத் தூக்கி எறிந்துவிட்டு அவரைப் பிடித்திருக்க வேண்டாமா? இத்தனை வருஷப் பழக்கம் காலைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. கழுவி, துடைத்து, எப்படியும் ‘எண்ணெய்?’ என்று கேட்பார் என்பதால் ஒரு சொட்டு எண்ணெயும் தடவிவிட்டுத் திரும்பினாள். அவர் வாசலைப் பார்த்தபடி இருந்தார். பார்வை மட்டும் இருந்தது.

சாகிறபோதும் புத்தி போகவில்லையே மனுஷனுக்கு என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. நேற்றுவரை ஆத்திரம் வந்தால் திட்டுவதற்கு ஆள் இருந்தது.

“கடைசியா என்னம்மா சொன்னான்?” நாத்தனார் ரொட்டித் தட்டை நகர்த்திவிட்டுக் கேட்டாள். “ஒரு வார்த்தைகூடவா இல்ல?”

“இல்ல அண்ணி.”

“என்னக் கூப்பிட்டானா? சின்ன வயசுல காய்ச்சல்னா ‘அக்கா அக்கா’ன்னுதான் அனத்துவான்.”

அவள் பேசாமலிருந்தாள். பேசாமலிருந்ததை நாத்தனார் தனக்கு வேண்டியபடி எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கூடத்தில் அவள் குரல் கேட்டது: “கடைசி மூச்சு வரைக்கும் ‘அக்கா’ன்னானாம்...” அதைக் கேட்ட லிஃப்ட் கம்பெனி சூப்பர்வைசர், நேற்று சாயங்காலம் போனில் அவர் வேலையைப் பற்றித்தான் கவலைப்பட்டார் என்றார். மேல்வீட்டு டீச்சர், போகிறவர்களுக்கு முன்னாலேயே தெரிந்துவிடும் என்றார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. மூடுகிற தெம்பு அவளுக்கும் இல்லை.

போன் அடித்தது. மகன்.

“அம்மா, பாதி தூரம் வந்துட்டேன். சாப்ட்டியா?”

“வா நீ.”

“அம்மா... என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?”

“வா. வந்ததும் சொல்றேன்.”

போனை வைத்ததும்தான், ‘இல்லை’ என்று சொல்லியிருக்கலாம் என்று உறைத்தது. வந்ததும் சொல்கிறேன் என்றால் சொல்ல ஏதோ இருக்கிறது என்றல்லவா அர்த்தம்? அவன் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வருவான்.

நாத்தனார் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். “இதப் பாரு,” என்றாள் மெல்ல. “‘என் பையன் எங்க’ன்னு கேட்டாருன்னு சொல்லிடு. ஒரே ஒரு வாக்கியம். அந்தப் பிள்ளை ஆயுசுக்கும் நிம்மதியா இருப்பான். உனக்கென்ன கொறஞ்சிடும்?”

ஒன்றும் குறையாதுதான். அவள் அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். பல்லில் சிக்கிய நார் மாதிரி இருந்தது. அவர் ஒருநாளும் ‘என் பையன்’ என்று சொன்னதில்லை. சமாதானக் காலத்திலும் ‘உன் பையன்’தான். ‘உன் பையன் எங்க’ என்று மாற்றிச் சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அவன் நம்புவான். நம்புவான் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பாத்திரம் கழுவும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யாரோ ஐஸ் பெட்டியின் நாடாவை அறுத்த கத்தி, யாரோ நாற்காலிக் கட்டின் கயிற்றை அறுத்த கத்தி, நாத்தனார் ரொட்டி வெட்டிய கத்தி, எல்லாம் தேநீர்க் கோப்பைகளோடு தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. பெரியதன் ஓரத்தில் அதற்குள் செம்மை தட்டியிருந்தது.

“யாரு இதயெல்லாம் தண்ணியில போட்டது?”

கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையை நிறுத்தினார்கள். காலையிலிருந்து அவள் போட்ட முதல் சத்தம் அது.

ஒவ்வொன்றாக எடுத்துத் துணியால் அழுத்தித் துடைத்தாள். பெரியதன் செம்மையைச் சாம்பல் தொட்டுத் தேய்த்தாள். எண்ணெய்ப் புட்டியைத் தேடினாள். டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வது காதில் விழுந்தது: “புருஷன் கூடத்துல கிடக்கறார், இவங்க கத்திக்கு எண்ணெய் போடறாங்க. அதிர்ச்சி. சிலபேருக்கு அப்படித்தான்.” நாத்தனார், “அவங்க வீட்டு வழக்கம்,” என்று ஒரே போடாகப் போட்டாள். அதற்காக மட்டும் அவளுக்கு நாத்தனாரைப் பிடித்தது.

மகன் மதியம் வந்தான். பையைக்கூட இறக்காமல் அப்பாவின் பக்கத்தில் போய் நின்றான். யாரோ அழச் சொல்வது போல் அவன் தோளைத் தட்டினார்கள். அவன் அழவில்லை. அப்பாவின் வலது கைக் கட்டைவிரலையே பார்த்தான். அரம் பிடித்துப் பிடித்துக் காய்த்த விரல். பிறகு சமையலறைக்கு வந்தான். அம்மாவின் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்தான்.

“வீக்கம் கொறஞ்சிருக்கே.”

“ம்.”

“டாக்டர்ட்ட போனியா?”

“உங்கப்பா சின்னதா ஒண்ணு செஞ்சு குடுத்தாரு. என் கை அளவுக்கு. நீ போன பிறகு.”

அவன் கையை விடவில்லை. “நீ சொல்லவே இல்லயேம்மா.”

“நீ கேக்கல.”

அது நியாயமில்லை என்று இருவருக்கும் தெரியும். அடுப்பில் தண்ணீர் சலசலத்தது. அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“வந்ததும் சொல்றேன்னியே. என்ன சொன்னாரு?”

நாத்தனார் வாசற்படியில் வந்து நின்றாள். சொல்லு என்று கண்ணைக் காட்டினாள். அவள் வாயைத் திறந்தாள். வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அது வெளியே வரவில்லை. வேறு வந்தது.

“மாரைப் பிடிச்சிக்கிட்டு இங்க வான்னாரு. ஓடினேன். கையில கத்தி இருந்துச்சு. ஆப்பிள் ஈரம். அதப் பாத்தாரு. ‘முதல்ல அதத் துடைச்சிட்டு வா’ன்னாரு. துடைச்சிட்டு வந்தேன். அவ்வளவுதான். வேற ஒண்ணும் சொல்லல. உன்னப் பத்தியும் சொல்லல, என்னப் பத்தியும் சொல்லல.”

நாத்தனார் தலையில் அடித்துக்கொண்டு திரும்பிப் போனாள்.

மகனின் முகம் சிவந்தது. கோபம் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். இனி அந்தக் கத்திகளை அள்ளிக்கொண்டு போய்க் குப்பையில் போடுவான், போடட்டும், தடுக்கப்போவதில்லை. ஆனால் அவன் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அடக்கப் பார்த்தான், அது இன்னொரு சத்தமாக வந்தது. கூடத்தில் கேட்டுவிடாமலிருக்க முழங்கையை மடக்கி வாயில் அழுத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தான். தோள் குலுங்கியது. சிரிப்பா என்னவென்று அவளால் சொல்ல முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றினான், சட்டையில் துடைத்தான், மாட்டினான், மறுபடியும் கழற்றினான்.

கீழே வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. யாரோ, “பையனைக் கூப்பிடுங்க,” என்றார்கள்.

அவன் நகரவில்லை.

“இன்னொரு தடவ சொல்லும்மா,” என்றான். “அவர் சொன்ன மாதிரியே சொல்லு. அவர் குரல்ல.”