மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம்

பெற்றோர் கூட்டத்தில் "சமூக ஊடகம்: நன்மையும் தீமையும்" என்று இருபது நிமிடம் பேசச் சொன்னார் தலைமையாசிரியை. தப்பித்தோம் என்று மற்ற ஆசிரியர்கள் மூச்சு விட்டார்கள். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. மூன்று வாரமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு நான் காத்திருந்தது இப்படி ஒரு மேடைக்குத்தான்.

நான் கணக்கு டீச்சர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஒரு நாள் பத்தாம் வகுப்பில் ஒரு கணக்கின் நடுவில் மாட்டிக்கொண்டேன். "இது ரொம்ப ஈஸி" என்று சொல்லிச் சொல்லியே நான்கு முறை அழித்தேன். வியர்வையைத் துடைத்ததில் முகமெல்லாம் சாக்பீஸ் தூள். யாரோ அதை ஒளிந்து படம் பிடித்து, பின்னால் கொட்டுச் சத்தம் சேர்த்துப் போட்டுவிட்டார்கள். ஐம்பதாயிரம் பேர் பார்த்தார்கள். காய்கறிக் கடைக்காரர் "வாங்க ஈஸி டீச்சர்" என்றார். வீட்டில் என் கணவர் முதுகைக் காட்டிக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது எனக்குத் தெரியாதா?

எடுத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தின் கோணம் மூன்றாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். அங்கே உட்காருகிறவள் ஒரு பஸ் டிரைவரின் மகள். வாய்க்கு வாய் பதில் பேசுகிறவள். போன மாதம்தான் அவள் பையிலிருந்து போனைப் பிடுங்கியிருந்தேன். "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்றார் கணவர். பூமியை யார் கேட்டது? எனக்கு இந்த ஒருத்தி போதும்.

கூட்டத்தன்று பிள்ளைகளும் பெற்றோரோடு உட்கார்ந்திருந்தார்கள். நன்மைகளை ஐந்தே நிமிடத்தில் முடித்தேன். வகுப்புக் குழுவில் நான் அனுப்பும் பாடங்களைக் கேட்டு, கால் உடைந்து படுத்திருந்த ஒரு பையன் தேர்வில் தேறினான் என்றேன். அது உண்மைதான். பிறகு தீமைக்கு வந்தேன். என்னைக் கேலி செய்த அதே வீடியோவைப் பெரிய திரையில் ஓடவிட்டு நிறுத்தினேன்.

"இது எங்க உக்காந்து எடுத்ததுன்னு பாருங்க. மூணாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம். அந்த இடத்துக்காரி எழுந்து நில்லும்மா."

எழுந்தாள். "டீச்சர், நான் இல்ல..."

"படிப்பு ஏறல, திருட்டுப்புத்தி மட்டும் ஏறியிருக்கு. இவளப் பெத்தவங்க யாரு, நீங்களும் எழுந்து நில்லுங்க!"

அரங்கம் முழுக்கப் போன்கள் உயர்ந்தன. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். எனக்குத் தித்தித்தது. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது.

டிரைவர் சீருடையோடு எழுந்தார். அவர் என்னைப் பார்க்கவில்லை, திரையைத்தான் பார்த்தார்.

"டீச்சர், போர்டு மூலைல என்ன எழுதியிருக்கு?"

திரும்பினேன். போனில் எறும்பு மாதிரி தெரிந்த எழுத்து, இங்கே ஆள் உயரத்துக்கு நின்றது. மொத்தம் 42. வந்தவர் 41. வராதவர் எண் 17. தினமும் காலையில் வருகைப் பதிவு எடுத்ததும் நான் எழுதுவது. என் கையெழுத்து.

"பதினேழு என் பொண்ணு. அன்னிக்கு அவளுக்குக் காய்ச்சல். லீவு லெட்டர்ல நீங்கதான் கையெழுத்து போட்டீங்க."

அவள் வராத நாளில் யார் நகர்ந்து அந்த இடத்தில் உட்கார்ந்தார்களோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அன்று மாலைக்குள் அவள் முகம் ஊரெல்லாம் சுற்றியது. "டீச்சரைப் படம் பிடித்த திருடி" என்று தலைப்பு. அந்த வீடியோவில் நான் திட்டுவது வரை இருந்தது. அவள் அப்பா பேசியதை வெட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை அப்பாவும் மகளும் ஆசிரியர் அறைக்கு வந்தார்கள். அழுது அழுது அவள் கண் வீங்கியிருந்தது.

"தப்பு பண்ணிட்டேம்மா. என்ன மன்னிச்சுடு."

"ஊர் முன்னாடி திட்டிட்டு, நாலு சுவத்துக்குள்ள மன்னிப்பா டீச்சர்?" அப்பாவின் போனை வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தாள். "இதப் பாத்து சொல்லுங்க."

சொன்னேன். அவள் ஓடவிட்டுப் பார்த்தாள். "குரல் சரியா கேக்கல. இன்னொரு தடவ."

மறுபடி சொன்னேன். "கீழ பாத்துட்டீங்க. இன்னொரு தடவ."

மூன்றாவது முறை பாதியிலேயே உடைந்து அழுதேன். அவள் கை ஆடவே இல்லை. கடைசிவரை எடுத்துவிட்டு, "இது நல்லா வந்திருக்கு" என்றாள்.

"இத... எப்பம்மா போடப்போற?"

"இப்ப போடல டீச்சர். வச்சுக்கறேன்." போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் பையை மாட்டிக்கொண்டாள். "மணி அடிச்சாச்சு. மொதல் பீரியட் உங்களுதுதான். வாங்க."